சூரியன் வராத ஊரில் ஒரு நேர்த்திப் பொங்கல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கலன்று காலை, சுவிஸில் ஒரு மலையுச்சியில் இது நடந்தது. இப்போதும் யாருக்காவது சொல்லத் தொடங்கினால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ஆனால் மலைக்குப் போவதற்கு முன், பனியைப் பற்றி என் அபிப்பிராயம் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதை விளங்காது.

எனக்குப் பனியைக் கண்ணில் காட்டக் கூடாது. ரொறன்ரோவில் மோர்னிங்சைட் பக்கம் இருக்கிறேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது என் வேலை. விடியப்புறம் எழும்பி, முதலில் வீட்டு டிரைவ்வேயில் கிடக்கிற பனியை அள்ளி, பிறகு பஸ் கண்ணாடியில் ஒட்டிய ஐஸைச் சுரண்டி, அதன் பிறகு ஒரு பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வழுக்குகிற தெருவில் போகிறவள் நான். அப்படிப்பட்ட எனக்கு, காசு கட்டி, பிளேன் ஏறி, பனிமலையில் சறுக்கி விளையாடுவதற்கென்றே ஆட்கள் சுவிஸுக்கு விடுமுறையில் போகிறார்கள் என்று கேட்டால் எப்படி இருக்கும்? என் வீட்டு வாசலுக்கு வந்தால் சும்மாவே விளையாடலாமே, பனி அள்ளுகிற சவளும் நான் தருவேனே என்றுதான் நினைப்பேன்.

அந்த விசர்த்தனம் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே வந்து சேரும் என்று நினைக்கவில்லை. என் அக்கா கல்யாணம் கட்டி சுவிஸுக்குப் போனவள். அத்தானுக்கு ஒரு மலையூர் ஹோட்டலில் சமையல் வேலை. குளிர்காலம் முழுக்கச் சறுக்க வருகிற விருந்தாளிகளால் நிரம்பி வழிகிற ஊர் அது. அக்காவும் அதே ஹோட்டலில் அறைகள் சுத்தம் செய்கிறாள். அவர்களுக்கு ஒரே மகன். நடக்கப் பழகியதும் சறுக்கப் பழகியதும் ஒரே வருடத்தில்தான் என்று அத்தான் பகிடி விடுவார். வளர்ந்த பிறகு அவனுக்கு ஸ்னோபோர்ட் பைத்தியம். இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு மலையிலிருந்து இறங்குவது. அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியராக வேண்டும் என்று படித்துக்கொண்டும் இருந்தான்.

நான் சொல்கிற பொங்கலுக்கு முந்தின வருடம், மாசி மாதத்தில், அவன் தனியாகச் சறுக்குப்பாதையை விட்டு விலகிப் போயிருக்கிறான். மேலே கிடந்த பனி அப்படியே உடைந்து சரிந்து ஆளை மூடிவிட்டது. பலகையின் ஒரு நுனி மட்டும் வெளியே தெரிந்ததாம். பக்கத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்த யாரோ சிலர் அதைக் கண்டு, ஓடி வந்து, சவளாலும் கையாலும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஹெலிகொப்டர் வந்ததும் அவனை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பெயர்கூடச் சொல்லவில்லை.

அவன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோதுதான் அக்கா நேர்த்தி வைத்தாள். அவர்கள் ஊரில் வேறெங்கும் காணாத ஒரு புதினம் இருக்கிறது. பள்ளத்தாக்குக்குள் இருக்கிற ஊர், தெற்கே பெரிய மலை. கார்த்திகை மாதம் சூரியன் அந்த மலைக்குப் பின்னால் போனால், மாசி வரைக்கும் ஊருக்குள் வெயில் விழாது. வானம் வெளிச்சமாக இருக்கும், சூரியனை மட்டும் காண முடியாது. அதனால் அக்கா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் குசினிக்குள், கலண்டரில் இருக்கிற சூரியன் படத்துக்குத்தான் பொங்குவாள். ஆஸ்பத்திரி இருந்தது கீழே, நகரத்தில். அங்கே ஜன்னலால் வெயில் வந்து மகனுடைய கட்டிலில் விழுந்ததைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டு, "என்ர பிள்ளையைத் தா. அவனை மூடின மலையிலயே ஏறி வந்து உனக்குப் பொங்குறன்" என்று சொல்லியிருக்கிறாள். மகன் பிழைத்துக்கொண்டான். உடைந்த எலும்புகள் பொருந்தின. ஆனால் அக்கா அன்றைக்குப் பிறகு அந்த மலையை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

அடுத்த தை நெருங்கியபோது எனக்கு போன் எடுத்தாள். "எடியே, நீ ஒருக்கா வந்திட்டுப் போ. பொங்கி முடிய, சூரியனுக்கு முன்னால அவனிட்டச் சத்தியம் வாங்கப் போறன், இனிமேல் உந்தப் பலகையில கால் வைக்கமாட்டன் எண்டு. நீ பக்கத்தில நிண்டால் அவன் மறுத்துக் கதைக்கமாட்டான்."

எனக்கு அவள் கேட்டது நூற்றுக்கு நூறு சரியாகவே பட்டது. பெற்ற வயிறு எப்படிப் பதறியிருக்கும்! "ஓமக்கா, வாறன்" என்றேன். பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் லீவா என்று வேலைத்தலத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் தந்தார்கள். என் வீட்டுக்காரர் பகிடியை விடவில்லை. "ஏன், இஞ்ச கிடக்கிற ஸ்னோ உமக்குக் காணாதோ?" என்று விமான நிலையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். ஸ்காபரோவில் வாங்கிய புதுப் பானையை, உடையக்கூடாது என்று என் சுவெட்டருக்குள் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுபோவது மாதிரி மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

அக்கா நன்றாக மெலிந்திருந்தாள். தாலிக்கொடியில் சேஃப்டி பின் குத்தி, ஒரு பூட்டின் திறப்பைக் கொழுவி வைத்திருந்தாள். என்னக்கா இது என்று கேட்டேன். நிலவறைத் திறப்பாம். மகனுடைய ஸ்னோபோர்டை அதற்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. அதைவிட, மகனைப் பார்க்கத்தான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சின்னதில் ஒரு இடத்தில் இருக்காமல் துள்ளித் திரிந்த பிள்ளை, இப்போது மேசையில் தாய் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போனான்.

பொங்கலுக்கு முதல் நாள் எனக்கும் அவனுக்கும் ஒரு சின்னத் தகராறு. பொங்குவதற்கு நான் அங்கே வாங்கி வைத்திருந்தது, தமிழ்க் கடைகளில் விற்கிற, கையளவு காஸ் ரின் பூட்டுகிற சின்ன அடுப்பு. ரொறன்ரோவில் வருடா வருடம் கராஜுக்குள் வைத்து அப்படிப்பட்ட அடுப்பில்தான் பொங்குவேன். அவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"சித்தி, மேல உது எரியாது. சரியான குளிர். வேற அடுப்பு கேட்டுப் பாக்கட்டோ?"

"கனடாவில இருந்து வந்தவளுக்கு நீ குளிரைப் பற்றிப் படிப்பிக்கிறியோ? போடா!"

அவன் சிரித்துவிட்டுப் போனான். நான் இன்னும் கெட்டித்தனமாக, காலையில் அவசரப்படக் கூடாது என்று அடுப்பையும் ரின்களையும் அன்றைக்கே வெளியே நின்ற அவர்களுடைய காரில் கொண்டுபோய் ஏற்றி வைத்தேன். இரவு முழுக்க அவை அந்தக் குளிரில் கிடந்தன.

வாரத்தில் சில நாட்கள் அங்கே கேபிள் காரை விடிய முன்பே ஓட விடுவார்களாம். இரவு விழுந்த புதுப் பனியில் முதல் ஆளாகச் சறுக்க ஆசைப்படுகிறவர்களுக்காக. அதிர்ஷ்டம், பொங்கல் அப்படியொரு நாளில் வந்தது. மகன் கேபிள் கார்க்காரரிடம் முன்பே கேட்டு, மேலே கட்டடத்துக்குத் தள்ளி ஒரு மூலையில் அடுப்பு மூட்ட அனுமதி வாங்கி வைத்திருந்தான். அத்தானுக்குக் காலைச் சாப்பாட்டு வேலை, வர முடியாது. வாசலில் நின்று பால் போத்தலை என் கையில் தந்துவிட்டுப் போனார்.

கேபிள் காருக்குள் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட ஆட்கள், கையில் சறுக்குப்பலகைகள். நடுவில் நாங்கள் இரண்டு பேர், பட்டுச்சேலைக்கு மேல் தடித்த கோட்டும் காலில் பனிச் சப்பாத்துமாக, பானையும் கரும்புத்துண்டும் வைத்துக்கொண்டு. எல்லாரும் மரியாதைக்குப் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மகன் என் காதருகில் குனிந்தான்.

"சித்தி, அம்மா மேல என்ன கேக்கப் போறா எண்டு எனக்குத் தெரியும். நான் சத்தியம் பண்ணுவன். அவவை இனி அழவிடேலாது. ஆனால் அதுக்குப் பிறகு நான் ஆரா இருப்பன் எண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

நான் கையிலிருந்த பானையை இறுக்கிக்கொண்டேன். ஒரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற அக்கா, மறு பக்கம் இவன். யார் பக்கம் நிற்பது?

கேபிள் கார் மேலே போய் நின்றது. கதவு திறந்து வெளியே கால் வைத்தேன். ஐயோ, அதை எப்படி எழுதுவது! இத்தனை வருடம் நான் கண்ட பனி எல்லாம் உப்பும் சேறும் கலந்து, தெருவோரத்தில் கறுத்துப்போய்க் கிடக்கிற பனி. இங்கே கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னும் மலை. எல்லாம் நீல வெளிச்சத்தில் அசையாமல் நின்றன. ஒரு காலடிகூடப் படாத பனி. நாங்கள் இருந்த ஊர் கீழே இருட்டுக்குள் எங்கேயோ கிடந்தது. கிழக்கே ஒரு முகட்டின் விளிம்பு மட்டும் மெல்லச் சிவக்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் நான் இதுவரை நின்றதே இல்லை. கையுறையோடேயே கும்பிட்டேன்.

அக்கா பார்க்கவில்லை. குனிந்தபடி மூலைக்குப் போய்க் கோலம் போடத் தொடங்கினாள். அரிசி மாவை எடுத்துப் பனியில் இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். ஒன்றையும் காணவில்லை. வெள்ளைப் பனியில் வெள்ளை மாவில் கோலம் போட வந்திருக்கிறோம், இரண்டு கெட்டிக்காரிகள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். நான் வந்து அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு மஞ்சள் தூளை எடுத்தேன்.

"சித்தி, மஞ்சளோ? நாய் வந்து போயிருக்கு எண்டு நினைப்பினம்" என்றான் மகன்.

"நினைக்கட்டும், நீ குங்குமத்தை எடு" என்றேன். மஞ்சளும் சிவப்புமாகக் கோலம் வந்தது. அந்தப் பனியில் அது எடுப்பாகத்தான் இருந்தது.

அடுப்பை வைத்து, பானையில் பாலை விட்டு, மூட்டினேன். பற்றியது. நான் மகனை ஒரு பார்வை பார்த்தேன், கண்டாயோ என்று. பார்த்துத் திரும்புவதற்குள் நெருப்பு சுருங்கத் தொடங்கியது. முதலில் விரல் அளவுக்கு, பிறகு நகத்தின் அளவுக்கு. காற்று வேறு ஒரு பக்கத்தால் வந்து அதையும் தட்டிவிட்டது. மறுபடி மூட்டினேன். இரண்டாவது ரின்னைப் போட்டேன். அதுவும் அப்படித்தான். இரவு முழுக்க காரில் குளிர்ந்துபோய்க் கிடந்த ரின் எப்படி எரியும்? பானையில் கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுகூட இல்லை. முகட்டின் விளிம்பு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது.

அக்காவின் முகம் வெளுத்துப் போனது. "சூரியன் வரப் போகுதடி" என்றாள். அவளுக்கு அது வெறும் பால் இல்லை. பிள்ளையைத் தந்தவனுக்குச் சொன்ன சொல். அது தவறினால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் அவளுக்கு. என் திமிரால் வந்த வினை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எங்களுக்குச் சற்றுத் தள்ளிச் சறுக்குப்பாதையின் வாயிலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. அங்கேதான் கேபிள் காரில் வந்த ஆட்கள் பலகைகளோடு காத்து நின்றார்கள். மலைக்காவலர்கள் பாதையைச் சோதித்துவிட்டுக் கயிற்றை அவிழ்த்தால் உடனே பாய்வதற்குத் தயாராக. அதில் ஒரு நரைத்த தலைப் பெண்மணி எங்களிடம் வந்து என்னவோ கேட்டார். சூப் வைக்கிறீர்களா என்று கேட்கிறார் என மகன் சொன்னான். பிறகு அவன் அவருக்குப் பதில் சொன்னான். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் அவன் கையை நீட்டி எதிரே ஒரு சரிவைக் காட்டியதையும், அந்தப் பெண்மணியின் முகம் மாறியதையும் கண்டேன். அவன் சொன்னதைப் பிறகுதான் எனக்குச் சொன்னான். "போன வருஷம் அந்தச் சரிவில புதைஞ்சு கிடந்தது நான்தான். நான் உயிரோட வந்தால் இந்த மலையில சூரியனுக்குப் பால் பொங்குறன் எண்டு அம்மா சொல்லியிருந்தவ. இப்ப அடுப்பு எரியுதில்லை." அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான்.

அந்தப் பெண்மணி உடனே தன் ஜாக்கெட்டின் சிப்பைத் திறந்தார். கழற்றி எடுத்திருந்த முதல் ரின்னை என் கையிலிருந்து வாங்கி, உள்ளே வயிற்றோடு சேர்த்து வைத்துச் சிப்பை மூடினார். அந்தக் குளிரில், ஐஸ்கட்டி மாதிரி இருந்த இரும்பை! பிறகு திரும்பி, கயிற்றடியில் நின்றவர்களைப் பார்த்து உரத்த குரலில் கூப்பிட்டார்.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு நாலைந்து பேர். ஒருவன் தன் ஸ்னோபோர்டைக் காற்று வந்த பக்கம் பனியில் குத்தி நிறுத்தினான். பக்கத்தில் இன்னொருவன் தன்னுடையதை. அடுத்தவள் தன் சறுக்குப்பலகைகள் இரண்டையும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் அடுப்பைச் சுற்றி, கிழக்குப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, ஒரு வேலி எழும்பிவிட்டது. இடைவெளி இருந்த இடங்களில் ஆட்களே தோளோடு தோள் ஒட்டிக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றார்கள். யாரோ கையுறைக்குள் வைக்கிற சூட்டுப் பொட்டலங்களை எடுத்து நீட்டினார்கள். அவற்றை அடுப்பில் இருந்த ரின்னைச் சுற்றி வைத்தோம். என்ன கடவுள், என்ன பொங்கல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கயிற்றை அவிழ்த்தார்கள். காவலர் கையை உயர்த்தி, பாதை திறந்தாயிற்று என்று சத்தமாகச் சொன்னார். என் மனம் சோர்ந்துவிட்டது. இனி இவர்கள் போய்விடுவார்கள், வேலியும் போய்விடும். இதற்காகத்தானே இருட்டோடு எழும்பி, காசு கட்டி வந்தவர்கள்! ஓரிருவர் போனார்கள், பொய் சொல்லக் கூடாது. மற்றவர்கள் அசையவில்லை. ஒரு தலைகூடத் திரும்பவில்லை. காவலர் இங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தார். வந்தவரும் நின்றுவிட்டார்.

மகன் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினான். "அம்மா, புதுப் பனியில முதல் கோடு போடுறதுக்குத்தான் இவையள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிறது. சொந்தத் தம்பிக்கும் விட்டுக் குடுக்கமாட்டினம். நானும் விடமாட்டன்."

அக்கா அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். தன்னைச் சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஹெல்மெட்டுக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் மறைந்த முகங்கள். யார் எவர் என்று அடையாளம் தெரியாது. "இப்பிடித்தானோடா நிண்டவை?" என்று கேட்டாள். "உன்னைத் தோண்டேக்க இப்பிடித்தானோ சுத்தி நிண்டவை?"

"ஓமம்மா. இப்பிடித்தான் நிண்டிருப்பினம். எனக்கு நினைவில்லை."

நரைத்த தலைப் பெண்மணி ஜாக்கெட்டைத் திறந்து ரின்னை எடுத்தார். மாற்றிப் பூட்டினோம். மூட்டினேன். நெருப்பு "பக்"கென்று பற்றிப் பானையின் அடியெல்லாம் பரவியது. இப்போது எல்லாரும் பானையையும் முகட்டையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். எது முந்தும்? பால் ஓரத்தில் நுரை கட்டியது. முகட்டின் விளிம்பு கண் கூசுகிற மாதிரி ஆனது. நான் வாய்விட்டே, "பொங்கு, பொங்கு, என்ர ராசா, பொங்கு" என்று பானையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

முகட்டுக்கு மேலே சூரியனின் ஒரு நுனி வந்தது. வந்ததும் அந்த நீல உலகம் முழுக்கப் பொன்னாகிவிட்டது. மலை மலையாக வெளிச்சம் தாவி வந்து, எங்கள் காலடியில் விழுந்து, பானையில் பட்டது. அதே நேரத்தில் பால் எழும்பிப் பொங்கி வழிந்தது. அக்கா, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். அவ்வளவு சத்தம் அவளுக்குள் இருந்ததா என்று நான் திகைத்துவிட்டேன். நானும் கத்தினேன், மகனும் கத்தினான். என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே அந்த வேலி முழுக்கச் சேர்ந்து கத்தியது. அது எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் பால் வழிகிறது என்று பார்ப்பதுதானே முறை? நாங்கள் இரண்டு பேருமே அதைப் பார்க்க மறந்துபோனோம்.

அக்கா இரண்டு கையாலும் அரிசியை அள்ளி, பானையை மூன்று முறை சுற்றிப் போட்டாள். சூரியனைக் கும்பிட்டாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். இதற்குத்தானே என்னைக் கூப்பிட்டவள். மகனும் எழும்பி நேராக நின்றான். முகத்தில் ஒன்றுமே இல்லை, தண்டனையைக் கேட்கத் தயாரான ஆள் மாதிரி நின்றான். அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள்.

"சூரியனைப் பாத்துச் சொல்லு" என்றாள். "இனிமேல் தனியப் போகமாட்டன் எண்டு சொல்லு."

அவன் விளங்காமல் அவளைப் பார்த்தான். நானும்தான்.

"தனியப் போகாதை. உப்பிடி நிக்கிற ஆக்களோட போ. சொல்லு."

அவன் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அக்கா கோட்டுப் பொத்தானைக் கழற்றி, தாலிக்கொடியில் இருந்த சேஃப்டி பின்னைத் திறந்து, நிலவறைத் திறப்பை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு, ஒரு வருடமாக நிமிர்ந்து பார்க்காத அந்தச் சரிவை, அவன் கையைப் பிடித்தபடியே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயில் விழுந்து அது ஒரு வடுவும் இல்லாமல் மின்னியது.

வேலி ஒவ்வொன்றாகக் கழன்றது. பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, அவர்கள் வெள்ளைச் சரிவில் இறங்கிப் போனார்கள். காசு கட்டிக் குளிரப் போகிறவர்கள் என்று நான் பழித்த அதே ஆட்கள். புதுப் பனி தூளாகப் பறக்க, வளைந்து வளைந்து அவர்கள் போன அழகை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இதற்காகவா பிளேன் ஏறுகிறார்கள் என்று கேட்டவள், ஓம், இதற்காக ஏறலாம் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன்.

பொங்கலை மேலே இருந்த உணவகத்துக் குசினியில் வைத்து முடித்தோம். அந்த உயரத்தில் அரிசி அவியவே மாட்டேன் என்றது. எவ்வளவு நேரம் வைத்தும் பல்லில் கடிபட்டது. ஆனாலும் சறுக்கிவிட்டு மேலே திரும்பி வந்தவர்கள் கோப்பையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். நரைத்த தலைப் பெண்மணி இரண்டாவது தரமும் கேட்டு வாங்கினார். மரியாதைக்கோ, உண்மையிலேயே பிடித்ததோ தெரியாது. அவர் பெயரைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் போன பிறகுதான் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள், "இவவிட்டயும் பேரைக் கேக்கேல்லையே!" என்று.

அடுத்த நாள் மகன் இரண்டு சிநேகிதர்களோடு மேலே போனான். நாங்களும் போனோம். அவன் பலகையில் ஏறி முதல் வளைவில் திரும்பியபோது அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். அவன் கீழே சின்னப் புள்ளியாகிப் போகும் வரைக்கும் மூடவில்லை.

இப்போது அவன் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்னோபோர்ட் பழக்குகிறான். நான் பழையபடி மோர்னிங்சைடில் பஸ் ஓட்டுகிறேன். பனியை அள்ளும்போது இன்றைக்கும் திட்டத்தான் செய்கிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் கொட்டுகிற பனியில் யாராவது ஒரு பிள்ளை புத்தகப் பையோடு தூரத்தில் ஓடி வருவது தெரிந்தால், முன்பு போல நேரத்தைப் பார்த்துப் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போவதில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். தைப்பொங்கலுக்குப் பானையையும் கராஜை விட்டு வெளியே, டிரைவ்வேயில் வைத்துத்தான் பொங்குகிறேன். பாதை திறந்த பிறகும் போகாமல், யாரோ ஒரு தாயின் பால் பொங்கும் வரைக்கும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்ற அந்த மனிதர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு தையிலும் சூரியனைக் கும்பிட்டு முடிய, அடுத்த கும்பிடு எனக்கு அவர்களுக்குத்தான் போகிறது.